கான்கிரீட் தளத்துக்கு அக்ரிலிக் பூச்சு: எங்கே நிற்கும், எங்கே உரியும்

வாகனம் நிறுத்தும் அறையின் கான்கிரீட் தளத்தில் பெருக்கப் பெருக்கத் தூசி வந்துகொண்டே இருக்கிறது, அதற்கு அக்ரிலிக் சீலர் அடிக்கலாமா, அடித்தால் எத்தனை கோட் வேண்டும், சோதனைக்காக ஒரு மூலையில் அடித்த பூச்சு மறுநாளே வெளுத்துப்போனது ஏன் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம், மெல்லிய இரண்டு கோட் போதும், மூலை வெளுத்ததற்கு ஈரமோ தடிமனோ, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தோ காரணம். ஆனால் மூன்று விடைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே செய்திதான். அக்ரிலிக் பூச்சு, தளத்துக்குப் பதிலாகத் தான் தேய்வதற்கென்று போடப்படும் மெல்லிய படலம். தேய்ந்ததை எளிதாகப் புதுப்பித்துக்கொள்ள முடிவதே அதன் பலம். அதைக் கனமாக அடித்து நிரந்தரமாக்கிவிட முயல்கிறவர்களுக்குத்தான் வெளுப்பதும் கொப்பளிப்பதும் உரிவதும் நேர்கின்றன.

முதலில் தூசி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். கான்கிரீட் கலவையில் தண்ணீர் அதிகமானாலோ, மேலே கசிந்து நின்ற நீர் வற்றுவதற்கு முன்பே கரணையால் தேய்த்துவிட்டாலோ, போட்டபின் போதிய நாள் ஈரமாக வைத்திருக்காவிட்டாலோ மேற்பரப்பில் சிமெண்ட் பால் எனப்படும் வலுவற்ற ஏடு உறைந்துவிடும். நடக்கும்போதும் பெருக்கும்போதும் பொடியாக உதிர்வது அந்த ஏடுதான். ஓர் ஆணியின் முனையால் தளத்தை அழுத்திக் கீறிப் பாருங்கள். மெல்லிய வெண்கோடு மட்டும் விழுந்தால் தளம் நல்ல நிலையில் இருக்கிறது, மேலேயுள்ள ஏட்டை நீக்கிவிட்டுப் பூச்சு அடிக்கலாம். ஆணி பள்ளம் பறித்துக்கொண்டு மணலும் பொடியுமாகக் கிளப்பினால், அக்ரிலிக் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும். பிறகு பொடியோடு சேர்ந்து தானும் பெயர்ந்து வரும். அத்தகைய தளத்துக்குச் சோடியம் சிலிகேட் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசலே முதல் மருந்து. அது துளைகளுக்குள் ஊறி, கான்கிரீட்டில் எஞ்சியிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து, சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் அதே வகைக் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டை உண்டாக்கி மேற்பரப்பைக் கெட்டியாக்குகிறது. தூசி மட்டுமே தொல்லை, பளபளப்போ கறைத் தடுப்போ வேண்டாம் என்றால், அதோடு நிறுத்திக்கொண்டு அக்ரிலிக்கைத் தவிர்த்துவிடவும் செய்யலாம். உரிவதற்குப் படலமே இல்லாத முறை அது என்பதால், கேட்பவர்களிடம் அதை முதலில் சொல்வது என் வழக்கம்.

அக்ரிலிக் கான்கிரீட்டுக்குப் பொருந்துவதற்கு வேதியியல் காரணம் உண்டு. புதுக் கான்கிரீட்டின் பிஹெச் அளவு 12-க்கு மேல். அவ்வளவு காரமான பரப்பில் பல பிசின்கள் மெல்லமெல்லச் சிதைந்துவிடும். வினைல் அசிடேட் அடிப்படையிலான பூச்சுகள் இந்தக் காரத்தைத் தாங்குவதில்லை. அக்ரிலிக் பிசின்கள் அவற்றைவிட வெகுநன்றாகத் தாங்குகின்றன. புற ஊதாக் கதிரிலும் தூய அக்ரிலிக் எளிதில் மஞ்சளாவதில்லை. 1953-இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் பெயிண்ட்டுக்கான முழு அக்ரிலிக் பால்மத்தை (நீரில் பிசின் நுண்துகள்களாக மிதக்கும் கலவையை) சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, சுண்ணாம்பும் சிமெண்ட்டும் பூசிய பரப்புகளில் அக்ரிலிக் நிலைத்த இடம் பிடித்ததற்கு இந்த இரண்டு குணங்களே காரணம். ஆனால் டப்பாவின் மேல் அக்ரிலிக் என்று எழுதியிருப்பவை எல்லாம் தூய அக்ரிலிக் அல்ல. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஸ்டைரீன் கலந்திருக்கும். ஸ்டைரீன் அக்ரிலிக் நீரை நன்றாகத் தடுக்கும், நிழலில் குறையின்றி உழைக்கும், வெயிலில் மஞ்சளித்துப் பொடியும். கதவைத் திறந்தால் பாதித் தளத்தில் வெயில் விழும் அறை என்றால், வாங்குவதற்கு முன் இந்த ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்த தெரிவு கரைப்பானா, தண்ணீரா என்பது. கரைப்பான் வகையில் பிசின், சைலீன் போன்ற திரவத்தில் முழுவதும் கரைந்திருக்கும். அது தளத்தின் நிறத்தை ஈரம் பட்டது போல ஆழமாக்கிக் காட்டும். பழைய கோட்டின் மேல் புதிய கோட் அடித்தால் பழையதைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். தண்ணீர் வகையில் பிசின் நுண்துகள்களாக மிதக்கிறது. நீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, ஒரே படலமாகச் சேர்கின்றன. இந்தச் சேர்க்கை நடப்பதற்குக் குறைந்தபட்ச வெப்பநிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே அடித்தால் நீர் போய்விடும், துகள்கள் சேராமல் பொடியும் நுண்வெடிப்புமாக நின்றுவிடும். மூடிய அறையில், அதுவும் வீட்டோடு ஒட்டிய அறையில், நான் தண்ணீர் வகையையே பரிந்துரைப்பேன். வாடையும் தீ ஆபத்தும் குறைவு என்பது ஒன்று. தண்ணீர் வகைப் படலங்கள் பொதுவாக நீராவியைச் சற்று எளிதாக வெளியே விடுகின்றன என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தின் அருமை ஈரத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட தளம் எதுவும் முழுக்க உலர்ந்த பொருள் அன்று. அடியில் பாலித்தீன் தாள் விரித்திராவிட்டால், மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே ஏறி, மேற்பரப்பில் நமக்குத் தெரியாமலே ஆவியாகிக்கொண்டிருக்கும். பூச்சு இல்லாதவரை அதனால் தொல்லை இல்லை. மேலே ஒரு படலத்தைப் போட்டவுடன் அந்த ஆவி வழியின்றித் தேங்கி, படலத்தை வெளுக்கவைக்கிறது. ஈரத்தோடு கரைந்து வரும் உப்புகள் படலத்துக்கு அடியில் படிகமாகி அதை நெம்பித் தள்ளுகின்றன. உப்புப் பூத்த தளத்தின் மேல் அடித்த பூச்சு செதில் செதிலாக எழும்பி வருவது இதனால்தான். புதுத் தளமாக இருந்தால் கலவையிலேயே மிகுந்த நீர் இருக்கும். 28 நாள் கழித்துப் பூச்சு அடிக்கலாம் என்ற பொது வழக்கு இதை ஒட்டியதுதான், ஆனால் 28 நாள் என்பது கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் நாள். அன்றைக்குத் தளம் உலர்ந்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது. ஈரமான பருவத்தில், காற்றோட்டமில்லாத அறையில், அதைவிடப் பல வாரங்கள் கூடுதலாகலாம். போட்ட அன்றே அடிக்கும் அக்ரிலிக் வகை ஒன்றும் உண்டு. கான்கிரீட்டின் நீர் தப்பாமல் காத்துக் கியூரிங் செய்யவும், அதாவது அது நன்கு இறுக உதவவும், பிறகு சீலராக நிற்கவும் என்றே செய்யப்பட்ட அது, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி 1315 வரையறைக்குள் வருகிறது. சாதாரணச் சீலரை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஈரத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஏ.எஸ்.டி.எம். டி 4263-இல் இருக்கிறது. ஒளி ஊடுருவும் தடித்த பிளாஸ்டிக் தாளை 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டித் தளத்தில் விரித்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். தாளைப் பிரிக்கும்போது அதன் அடிப்பக்கத்தில் நீர்த்துளி பூத்திருந்தாலோ, தளம் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவரை ஒட்டி ஒன்று என இரண்டு மூன்று இடங்களில் ஒட்டுங்கள், நீங்கள் பூச்சு அடித்துப் பார்த்த மூலையின் அருகே கட்டாயம் ஒன்று இருக்கட்டும். தாள் நனைந்தால் இந்தத் தளத்தில் இப்போது அக்ரிலிக் அடிக்க முடியாது என்பது உறுதி. தாள் உலர்ந்திருப்பதை அதே அளவுக்கு நம்பிவிட முடியாது, ஏனென்றால் மழைக்காலத்தில் நிலத்தடி ஈரம் உயரும்போது இதே தளம் வேறு விடை சொல்லக்கூடும். சுவரின் அடியில் ஓதம் ஏறிய கறை இருந்தால், தாள் உலர்ந்திருந்தாலும் அந்தப் பக்கத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

தளம் தேறினால், அதைத் தயார்செய்வதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. எண்ணெய்க் கறையை முதலில் காரத்தன்மையுள்ள டிகிரீசரால் (எண்ணெய் நீக்கும் திரவத்தால்) தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய் படிந்த இடத்தில் அமிலம் கான்கிரீட்டைத் தொடவே தொடாது. அப்படியே அமிலம் ஊற்றுவது வீண். அதன்பின் சிமெண்ட் பால் ஏட்டை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பல மடங்கு நீரில் கலந்து ஊற்றி, பொங்கி அடங்கியதும் தேய்த்து, சோடா உப்புக் கரைசலால் அமிலத்தன்மையைப் போக்கி, பலமுறை அலசுவது ஒரு வழி. அதைச் செய்பவர்கள் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. எனக்கு இந்த முறையில் விருப்பம் குறைவு. உலர்த்திவைத்த தளத்துக்குள் மறுபடியும் ஏராளமான தண்ணீரைப் புகுத்துகிறோம், அலசுவதில் கொஞ்சம் குறை வைத்தாலும் எஞ்சிய உப்பு படலத்துக்கு அடியில் தங்கிவிடுகிறது. வைரத் தகடு பொருத்திய கிரைண்டரால், தூசியை உறிஞ்சும் வாக்குவத்தை இணைத்துக்கொண்டு, மேற்பரப்பை இலேசாகத் தேய்த்தெடுப்பதே மேல். மெல்லிய பூச்சுக்கு ஆழமான சொரசொரப்பு தேவையில்லை, நயமான உப்புத்தாளைத் தொடுவது போன்ற பதம் வந்தால் போதும். கிரைண்டர் கிளப்பும் தூசியில் நுண்ணிய சிலிகா இருப்பதால், அதற்குரிய சுவாசக் கவசம் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சிலிகா நுரையீரலுக்குச் செய்யும் கேடு திரும்பச் சரியாவதில்லை.

முடிந்ததும் தளத்தின் பல இடங்களில் சில துளி நீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் துளைகள் திறந்திருக்கின்றன. துளி முத்தாக உருண்டு நின்றால், பழைய சீலரோ, கியூரிங்குக்கு அடித்த மருந்தோ, மெழுகோ, எண்ணெயோ இன்னும் இருக்கிறது. அங்கே அக்ரிலிக் பிடிக்காது.

இனி அளவு. ஒரு லிட்டர் திரவத்தை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் அது ஒரு மில்லிமீட்டர், அதாவது 1000 மைக்ரான் தடிமனில் நிற்கும். லிட்டருக்கு 6 சதுர மீட்டர் என்று பரப்பினால் ஈரப் படலம் சுமார் 167 மைக்ரான். பிசினின் பங்கு கொள்ளளவில் 25 விழுக்காடு என்றால் உலர்ந்தபின் எஞ்சுவது ஏறக்குறைய 42 மைக்ரான், அதிலும் ஒரு பகுதி துளைகளுக்குள் போய்விடும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான இந்தப் படலம்தான் ஒரு கோட் முழுவதும். ஒரு கோட்டுக்கு 25 முதல் 50 மைக்ரான் வரை நிற்பதே சரியான அளவு. டப்பாவில் எழுதியிருக்கும் விழுக்காடு பெரும்பாலும் எடைக் கணக்கு என்பதையும் கவனியுங்கள். பிசின் கரைப்பானைவிடக் கனமானது, ஆகவே கொள்ளளவுக் கணக்கில் அது இன்னும் குறையும். 5 மீட்டருக்கு 6 மீட்டர் அறையை எடுத்துக்கொண்டால் பரப்பு 30 சதுர மீட்டர். முதல் கோட்டை உறிஞ்சும் தளத்துக்கு 5 லிட்டரும், உறிஞ்சல் அடங்கிய இரண்டாம் கோட்டுக்கு 4 லிட்டர் அளவும் ஆகும். 10 லிட்டர் வாங்கியிருந்தால், மீந்த ஒரு லிட்டரைத் தளத்தின் மேலேயே தீர்த்துவிடலாம் என்ற ஆசைதான் பல தளங்களைக் கெடுத்திருக்கிறது. அதை மூடி வையுங்கள், பின்னால் ஒட்டுப்போட உதவும்.

அடிக்கும் நேரமும் முக்கியம். தளத்தின் வெப்பநிலை 10 முதல் 32 டிகிரி செல்சியசுக்குள் இருப்பதும், காற்றின் ஈரம் துளிக்கும் பனிநிலையைவிடத் தளம் குறைந்தது 3 டிகிரி சூடாக இருப்பதும் பாதுகாப்பு. காலையில் தளம் சூடேறிக்கொண்டிருக்கும்போது துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது. அப்போது அடித்த படலத்தில் அந்தக் காற்று ஊசிமுனைக் குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும். வெயில் தாழ்ந்து தளம் குளிர்ந்துவரும் நேரத்தில் அதே காற்று சுருங்கி, பூச்சைத் துளைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். ரோலரை அழுத்தித் தேய்க்காமல், ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்த பட்டையை இணைத்துக்கொண்டே கதவை நோக்கிப் பின்வாங்க வேண்டும். தேங்கிய இடம் தெரிந்தால் உடனே இழுத்துப் பரப்புங்கள்; காய ஆரம்பித்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். முதல் கோட் ஒட்டாத அளவு காய்ந்தபின், அதற்குக் குறுக்குத் திசையில் இரண்டாம் கோட் அடிக்கலாம். ஸ்பாஞ்சு ரோலர் நுரையை உண்டாக்கும் என்பதால் தண்ணீர் வகைக்குக் குட்டை இழை மைக்ரோஃபைபர் ரோலரும், கரைப்பான் வகைக்குச் சைலீனில் கரையாத ரோலரும் வாங்க வேண்டும். ஒரு நாள் கழித்து நடக்கலாம். வாகனத்துக்கு மூன்று நாளாவது பொறுப்பது நல்லது.

பளபளப்பான படலத்தில் நீர் பட்டால் வழுக்கும். நனைந்த காலோடு நுழையும் வழி என்றால் இரண்டாம் கோட்டில் நுண்ணிய பாலிமர் மணித்துகள்களைக் கலந்து அடிப்பது நல்லது. கலந்தபின் அவை அடியில் படிந்துவிடாமல் அடிக்கடி கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கரைப்பான் வகையை எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சைலீன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சென்று தொலைவில் உள்ள சுடரையும் எட்டும். அதன் தீப்பற்று நிலை சாதாரண அறை வெப்பத்துக்கு அருகிலேயே இருக்கிறது. நீர் சூடாக்கியின் சிறு சுடர் முதல் சுவிட்சின் பொறி வரை எதுவும் போதும். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி உள்ள கவசமே வேண்டும்.

இனி உங்கள் மூலைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் தாள் அங்கே நனைந்தால் காரணம் அடியிலிருந்து வரும் ஈரம். அந்தப் பூச்சை நீக்கிவிட்டுத் தளத்தைத் திறந்தபடி விடுவதே நல்லது. தாள் உலர்ந்திருந்து, பூச்சு கண்ணாடிபோல் தடித்துத் தெரிந்தால், மேற்பரப்பு முதலில் காய்ந்து தோலாகி, உள்ளேயிருந்த ஈரமும் கரைப்பானும் அடைபட்டுப் போயிருக்கின்றன. அடித்தது கரைப்பான் வகை என்றால், உலர்ந்த நாளில் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சைலீனை விட்டு ரோலரால் மெல்லப் பரப்புங்கள்; படலம் மறுபடி இளகும்போது சிறைப்பட்ட ஈரம் வெளியேறி நிறம் தெளியும். உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் பார்த்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு மூன்று கோட் ஏறிய இடத்தில் இது பலிக்காது, உரித்தெடுக்கத்தான் வேண்டும். தண்ணீர் வகையாக இருந்தால் சைலீன் வைத்தியம் அவ்வளவு நம்பகமானதன்று. சில நாள் நல்ல காற்றோட்டம் கொடுத்துப் பார்த்துவிட்டு, தெளியாவிட்டால் நீக்கிவிடுங்கள்.

வாகன அறை என்பதால் சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்ரிலிக் சூட்டில் இளகும் பிசின். மெத்தில் மெத்தாக்ரிலேட் மட்டும் சேர்ந்த பாலிமர் சுமார் 105 டிகிரி வரை கடினமாக நிற்கும், பியூட்டைல் அக்ரிலேட் பாலிமரோ நீரின் உறைநிலைக்கு வெகு கீழேயே இளகியிருக்கும். படலம் வெடிக்காமல் வளைந்துகொடுப்பதற்காக இத்தகைய கடின, மென் பொருள்களைக் கலந்துதான் பூச்சு செய்கிறார்கள், எனவே அது இளகும் நிலை இரண்டுக்கும் இடையில் எங்கோ அமைகிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடேறிய டயர் ஒரே இடத்தில் அழுத்தி நிற்கும்போது படலம் அங்கே இளகுகிறது. டயரின் ரப்பரில் உள்ள எண்ணெய்ப் பொருள்கள் ஊறி அதை இன்னும் மென்மையாக்குகின்றன. டயர் குளிரும்போது படலம் அதோடு ஒட்டி, வண்டி நகர்கையில் பெயர்ந்துவிடுகிறது. பெட்ரோலும் பிரேக் ஆயிலும் சிந்தினாலும் அக்ரிலிக் தாங்காது. தினமும் கார் ஏறி இறங்கும் தளத்துக்குத் தடிமனான எபாக்ஸி, அதன் மேல் பாலியூரித்தேன் என்று வலுவான வேறு பிசின் பூச்சுகளுக்குப் போவதே பொருத்தம், ஆனால் அவற்றுக்கு ஈரச் சோதனையும் கிரைண்டர் வேலையும் இன்னும் கடுமையாக வேண்டும், செலவும் பல மடங்கு. இருசக்கர வண்டியும் பொருள்களும் வைக்கும் அறை என்றால் அக்ரிலிக் தாராளமாகப் போதும். கார்தான் நிற்கும், ஆனாலும் அக்ரிலிக்தான் வேண்டும் என்றால், சக்கரம் நிற்கும் நான்கு இடங்களிலும் ரப்பர் அல்லாத விரிப்பைப் போட்டுவிடுங்கள். ரப்பர் விரிப்பும் டயரைப் போலவே கறைபிடிக்கவைக்கும்.

பராமரிப்பு எளிது. நடுநிலை பிஹெச் உள்ள சோப்பு நீரால் துடைத்தால் போதும். அமிலம் கலந்த கழிவறைத் திரவமும் தின்னரும் படக் கூடாது. மணல்தான் அக்ரிலிக்கின் பெரிய எதிரி என்பதால் வாசலில் மிதியடி போடுவது பூச்சின் ஆயுளைக் கண்கூடாக நீட்டும். அடிக்கடி நடக்கும் தடம் மங்கி, நீர்த்துளி விட்டால் கறுக்க ஆரம்பிக்கும்போது மறு கோட்டுக்கு நேரமாகிவிட்டது. வெயில் மழை படும் இடத்தில் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் அது நேரும், உள்ளறையில் அதைவிடத் தாமதமாகும். கரைப்பான் வகையின் மேல் அதே வகையைக் கழுவி உலர்த்தி அப்படியே அடிக்கலாம். தண்ணீர் வகை பழைய கோட்டைக் கரைக்காது, ஆகவே நயமான தேய்ப்புத் தகட்டால் மேற்பரப்பை உரசிவிட்டு அடிக்க வேண்டும். இரண்டிலும் மறு கோட் ஒன்றே ஒன்று, அதுவும் மெல்லியதாக. நாலைந்து முறை புதுப்பித்துத் தடித்துப்போன படலத்தை ஒரு கட்டத்தில் முழுவதும் உரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே முறை. பின்னாளில் எபாக்ஸிக்கோ பாலியூரித்தேனுக்கோ மாற எண்ணினாலும் இப்படி உரித்தே ஆக வேண்டும்: அவை எவ்வளவு வலுவானவையாக இருந்தாலும், அடியில் இருக்கும் அக்ரிலிக் தளத்தைப் பிடித்திருக்கும் அளவுக்குத்தான் நிற்கும்.